சாமியறையில் பட்டர்

பட்டரை உருகாமலும் கெடாமலும், பேக்கரிப் பாணில் பூசும் பதத்தில் எங்கே வைப்பது? எனக்கு இன்னும் தெரியவில்லை. பிரிட்ஜில் இருந்து எடுத்துப் பூசினால் பாண் கிழிகிறது. கிழிந்த பாணை என் மகள் தொடமாட்டாள். சமைக்கிற குசினி மேசையில் வைத்தால் மத்தியானத்துக்குள் எண்ணெயாகிவிடுகிறது.

அதனால்தான் சண்டிலிப்பாயில் இருந்து வந்த பஸ்ஸில், முன் இருக்கைப் பெண் பக்கத்தில் இருந்த இளையவளிடம் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டேன்.

“எங்கடை பட்டர் இப்ப சாமியறையிலைதான் இருக்குது.”

“ஏனக்கா, அதுக்கும் ஏதும் நேர்த்திக்கடனே?”

“பகிடியை விடு. வீட்டிலை குளிர்மையான அறை அதுதான். பட்டர் நல்ல பதமா இருக்குது.”

“மாமி ஒண்டும் சொல்லேல்லையே?”

“படையல் எண்டு நினைச்சு, பூ வைச்சுத் தேவாரமும் பாடிப்போட்டா. இப்ப கால் முகம் கழுவி, திருநீறு பூசினாத்தான் பாணுக்குப் பட்டர்.”

“அப்ப மீன் சமைக்கிற நாளிலை?”

“மீன் திண்டிட்டுச் சாமியறைக்குள்ளை போகேலுமே? அண்டைக்கு வெறும் பாண்தான்.”

“அண்ணை என்ன சொல்லுறார்?”

“அவருக்குப் பட்டர் எண்டா உயிர். ரெண்டு கிழமையா மீனைத் தொடேல்லை. மோனுக்குப் பக்தி வந்திட்டுது எண்டு மாமி ஊரெல்லாம் கதைச்சுத் திரியிறா.”

இருவரும் சிரித்தபடி இறங்கிவிட்டார்கள்.

எங்கள் வீட்டிலும் குளிர்ந்த இடம் சாமியறைதான். ஆனால் என் மகள் மீன் இல்லாமல் சோறு உண்ணமாட்டாள். என் மாமியும் நன்றாகத் தேவாரம் பாடுவார். வேறு இடம் தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.