தெற்கே சூலம்

சிங்கப்பூர் மெழுகுச் சிலைக் கூடத்தைப் பார்க்கப் போகிறவர்கள் வியாழக்கிழமை போவது நல்லது, ஐயா. சனி, ஞாயிறில் கூட்டம் நெரியும். சிலைக்கு முன்னால் நின்று ஒரு முகத்தை நிதானமாகப் பார்க்க முடியாது.

நான் பார்க்க விரும்பியது சிலையின் முகத்தை அல்ல. மருதமுத்து அண்ணனின் முகத்தை.

பத்து பெரெண்டாம் ரப்பர் ஆலையில் அவரும் நானும் ஒரே இரவு ஷிப்ட். காஜா பேராங்கில் ஒரே வரிசை வீடுகளில் குடியிருந்தோம். ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். என் அப்பாவை ஜப்பான்காரன் சயாம் ரயில் போடக் கொண்டுபோனான். திரும்பவில்லை. கூடப் போய்த் திரும்பிய நல்லையா, சாவதற்கு முன் என் அம்மாவிடம் சொன்னார்: அப்பாவை அடித்துக் கொன்றது ஜப்பான்காரன் இல்லை, நம்ம ஆள் ஒருவன். கூலிகளை மேய்த்த மண்டோர். வலது கை மோதிர விரலில் பாதி இல்லாதவன்.

மருதமுத்து அண்ணனுக்கு அந்த விரலில் பாதி இல்லை. எங்கள் ஆலையில் ஐந்து பேருக்கு ஏதாவது ஒரு விரல் குறைவுதான். உறைந்த ரப்பர் பால்கட்டியை உருட்டும் மெஷின் தின்றுவிடும். எனக்கே இடது சுண்டுவிரல் நுனி கிடையாது. ஆனால் அந்த ஐந்து பேரில் சயாம் போனவர் அவர் ஒருவர்தான்.

ஒருமுறை கேட்டேன். "போனேன், வந்தேன். அதப் பேசாத தம்பி" என்றார்.

அந்தக் கூடத்தில் சயாம் ரயில் காட்சி ஒன்று புதிதாக வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டதும் திட்டம் போட்டேன். அவரை அதன் முன் நிறுத்த வேண்டும். முகம் சொல்லிவிடும். நான் அவசரக்காரன் இல்லை, ஐயா. ஒன்றரை மாதம் பொறுத்தேன். தம்பின் ஸ்டேஷனுக்குப் போய் மூன்றாம் வகுப்பு டிக்கெட் இரண்டு வாங்கி வந்தேன். எங்கள் இருவருக்கும் வியாழன் ஓய்வு. வெள்ளைக்காரன் சுதந்திரம் கொடுக்க அந்த வியாழனிலிருந்து ஒன்பது நாள் இருந்தது. அதன் பிறகு ரயிலில் இடம் கிடைக்காது என்றார்கள்.

"பொம்ம பாக்கவா அவ்ளோ தூரம்?" என்று சிரித்தார். "நம்ம மானேஜரப் பாத்தா போதாதா? அவனும் மூச்சுவிடாமத்தான் நிக்கிறான்."

சயாம் காட்சி இருப்பதைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. அதைக் குறித்துக்கொண்டேன்.

புதன்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக் கடையில் சொன்னார், "நாளைக்கு வேண்டாம் ஜெயபாலா. தெற்கே சூலம்."

"டிக்கெட் வாங்கியாச்சுண்ணே."

"புத்தி கெட்டுப்போச்சா, நாளு கிழமை பாக்காம வாங்கிட்டு! என்னடா உனக்கு அவ்ளோ அவசரம்?" தலையைச் சொறிந்தார். "சரி, காலையில வா. பாப்போம்."

வியாழக்கிழமை தெற்கே போகக் கூடாது என்பது எனக்கும் தெரியும். குற்றவாளிக்குக் கிழமை ஒரு சாக்கு. சிலையைப் பார்க்கப் பயப்படுகிறவனுக்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும்? எனக்கு அது போதுமானதாக இருந்தது.

காலை ஆறே முக்காலுக்குப் போனேன். ஆலையில் ரப்பர் உருட்டும் கை மெஷினின் இரும்புப் பிடியைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துப்போனேன். பேச்சுக்கு உதவும் என்றுதான். கதவைத் திறந்தார். குளித்துத் திருநீறு பூசி, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்.

"வந்துட்டியா? ஒரு நிமிசம் இரு" என்று சொல்லி அலமாரிப் பக்கம் திரும்பினார்.

பின்மண்டையில் அடித்தேன். முழங்காலிட்டுத் திரும்பிப் பார்த்தார். "தம்பி" என்றார். நெற்றியில் அடித்தேன். எலும்பு உள்ளே போனது கைக்குத் தெரிந்தது. விழுந்த பிறகு அந்த வலது கையை மிதித்துப் பிடித்துக்கொண்டு மிச்ச விரல்களை நசுக்கினேன். அப்போது உயிர் இருந்தது. மறுபடியும் தலை. மொத்தம் ஒன்பது அடி. என் அப்பாவுக்கு எத்தனை என்று யாரும் எண்ணவில்லை.

அலமாரியிலிருந்து அவர் எடுத்தது ஒரு சின்ன நல்லெண்ணெய்ப் புட்டி. உடைந்து ரத்தத்தோடு கலந்துவிட்டது. மேசையில் வாழையிலையில் கட்டிய நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் இரண்டு இருந்தன. சட்டையை மாற்றிக்கொண்டு அவற்றை எடுத்துக்கொண்டேன். கெமாஸ் தாண்டியதும் ஒன்றைத் தின்றேன், ஜொகூர் வருமுன் இன்னொன்றை.

பொட்டலம் இரண்டு எதற்கு என்று நீங்கள் கேட்டீர்கள். எண்ணெய் எதற்கு என்று நான் கேட்கவில்லை. உங்கள் கான்ஸ்டபிள் தம்பிராஜாதான் நேற்று லாக்கப்பில் தானாகச் சொன்னார்: தெற்கே சூலமன்று போயே தீர வேண்டுமென்றால், தலையில் எண்ணெய் தொட்டு வைத்துக்கொண்டு புறப்படலாமாம். அது பரிகாரமாம். எனக்குத் தெரியாது. இதையெல்லாம் சொல்லித்தர வேண்டியவர் சயாமில் கிடக்கிறார்.

சரி, வரத்தான் இருந்தார் என்றே வைத்துக்கொள்வோம். அதனால் என்ன? அவர் முகம் என்ன சொல்லியிருக்கும் என்பது எனக்குத் தெரியும்.

காட்சியைப் பார்த்தேன், ஐயா. பிரமாதம். விலா எலும்பு தெரியும் கூலிகள், மூங்கில், சேறு. நடுவில் பிரம்பை ஓங்கி நிற்கும் மண்டோர். கூட்டமே இல்லை. அரை மணி நேரம் அவன் முன்னால் நின்றேன். வலது கையில் ஐந்து விரலும் முழுசாக இருந்தன.

சிலை செய்தவனுக்கு விவரம் போதாது. மருதமுத்து அண்ணனை ஒருமுறை பார்த்திருந்தால் சரியாகச் செய்திருப்பான்.