சோகத்திற்கு விடுப்பு இல்லை

என் நகங்கள் இப்போதெல்லாம் பிளப்பதில்லை. அறுபத்து மூன்று வயதில் இது சிறிய பேறு அன்று.

ஆய்வாளர் சிவசங்கர் அவர்களே, தங்கள் எழுத்தர் எழுதிவந்த வாக்குமூலத்தைப் பாதியில் நான் நிறுத்தச் சொன்னதற்குக் காரணம் அச்சம் அன்று. முதல் பக்கத்திலேயே ஒன்பது பிழைகள் இருந்தன. 'விடுதிக் காப்பாளர்' என்பதில் ஒற்றை விழுங்கிவிட்டார். 'வாக்குமூலம்' என்பதையே 'வாக்குமுலம்' என்று எழுதுபவரிடம் உண்மையைச் சொல்லி என்ன பயன்? ஆகவே நானே எழுதித் தருகிறேன்.

நகம் பிளப்பதற்குரிய காரணங்களைச் சென்ற சூன் மாதமே ஒரு தாளில் எழுதி, கள்ளக்குறிச்சியில் நான் காப்பாளராக இருக்கும் மகளிர் விடுதியின் சுவரில் ஒட்டியிருந்தேன். கைகள் நெடுநேரம் நீரில் ஊறுவது ஒன்று. சாம்பலும் சலவைச் சோடாவும் மற்றொன்று. நகத்தைக் கடிப்பதும், நகத்தால் டப்பா மூடியைத் திறப்பதும் இழிவான பழக்கங்கள், அவற்றாலும் பிளக்கும். இறுதியாகச் சோகை, அதாவது குருதியில் இரும்புச்சத்துக் குறைவது. சோகை முற்றினால் நகம் பிளப்பதோடு நில்லாமல் நடுவில் குழிந்து கரண்டி போலாகும். ஒரு சொட்டு நீர் விட்டால் வழியாமல் நிற்கும். நகத்தை நேராக வெட்டுக, கழுவியபின் ஈரம் போகத் துடைக்க, தேங்காயெண்ணெய் தடவுக, முருங்கைக்கீரையும் கேழ்வரகும் எள்ளும் உண்க என்று பராமரிப்பையும் எழுதியிருந்தேன். மாணவிகள் அத்தாளின் கீழ் நின்று நாள்தோறும் சடை பின்னினார்கள். ஒருத்தியும் படிக்கவில்லை.

பூமாலை அவ்விடுதியில் பாத்திரம் துலக்கியவள். வெள்ளிமலைக்கு அப்பால் ஏதோ ஒரு சிற்றூரிலிருந்து வந்தவள். கணவன் பாவாடை மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு வெட்டுபவன். அவளுக்கு எழுத்து தெரியாது. ஆறு மாதக் கர்ப்பிணி. அவள் நகங்கள் வெங்காயத் தோல் போல ஏடு ஏடாகப் பிளந்திருந்தன. சாம்பலால் என்று முதலில் எண்ணினேன். ஒருநாள் அவள் கைகழுவி நிமிர்ந்தபோது ஆள்காட்டி விரல் நகத்தின் குழியில் நீர் நின்றதைப் பார்த்தேன். அன்றே எனக்குத் தெரியும். தெரியாது என்று எங்கும் எழுதிவிட வேண்டா.

செப்டம்பர் ஐந்தாம் நாள் செவிலி செல்லியம்மாள் விடுதிக்கு வந்தாள். பூமாலையின் கீழிமையை இழுத்துப் பார்த்துவிட்டு என்னைத் தனியே அழைத்தாள். இரத்தம் மிகவும் குறைவு, மாத்திரை மட்டும் போதாது, சேலம் பெரிய ஆஸ்பத்திரியில் இரத்தம் ஏற்ற வேண்டும், பதினேழாம் நாளுக்குள் அனுப்பிவிடுங்கள் என்றாள். அந்தப் பதினேழாம் நாள் முதல் ஒரு வாரம் இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் என்று ஊர்ச் சுவரெல்லாம் எழுதியிருந்தது. 'மரியல்' என்று எழுதியிருந்தது. இட ஒதுக்கீடு கேட்பவர்கள் முதலில் றகரத்திற்கு ஓர் இடம் ஒதுக்கலாம்.

செவிலி ஒரு மாத்திரைப் பொட்டலத்தையும் என்னிடம் தந்து போனாள். அதன்மேல் 'பூமலை' என்று எழுதியிருந்தாள். அப்பெயரில் எங்கள் விடுதியில் எவரும் இல்லை. எனவே அது என் மேசை இழுப்பறையில் இருந்தது. அதில் அறுபது மாத்திரைகள் இருந்திருக்க வேண்டும், பன்னிரண்டுதான் உள்ளன என்று தாங்கள் கேட்டீர்கள். மற்றவற்றை நான் உண்டேன். என் நகங்களும் அப்போது பிளந்துகொண்டிருந்தன. உரியவர் இல்லாத பொருளை வீணாக்குவது எனக்குப் பிடிக்காது.

விடுப்பு எழுத்தில்தான் கேட்க வேண்டும் என்பதும், கேளாமல் போனால் வேலை இல்லை என்பதும் விடுதியின் விதிகள். ஏழாம் நாள் பூமாலை ஒரு மனுவைக் கொண்டுவந்தாள். அவள் சொல்ல, மாணவி எழில்மதி எழுதியது. 'எனக்கு சோகம் இருப்பதால் சேலம் ஆஸ்பத்திரி செல்ல நான்கு நாள் விடுப்பு வேண்டும்' என்றிருந்தது. நான் சிவப்பு மையால் எழுதினேன்: 'சோகம் என்பது துயரம். சோகத்திற்கு விடுப்பு இல்லை.'

இரண்டாவது மனு பத்தாம் நாள் வந்தது. சோகை என்று திருந்தியிருந்தது. ஆனால் 'மருத்துவமனைக்கு செல்ல' என்று ஒற்றில்லாமல் இருந்தது. திருப்பினேன். பதினான்காம் நாள் வந்த மூன்றாவதில் 'மதிப்பிற்குறிய' என்று இருந்தது. சுவரில் வேண்டிய இடத்தில் இல்லாத றகரம் இங்கே வேண்டாத இடத்தில் வந்து நின்றது. அதையும் திருப்பினேன். அப்போது பூமாலை சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள். "மூச்சு வாங்குதுங்கம்மா. நீங்களே சரியா எழுதிக்கினு, எங்க கைநாட்டு வெக்கணும்னு காட்டுங்க, வெச்சுடறேன்" என்றாள். மனுதாரரின் மனுவை அதிகாரி எழுதுவது முறையன்று என்று விளக்கினேன்.

நான்காவது மனு பதினாறாம் நாள் மாலை வந்தது. பிழை இல்லை. பிழையற்ற மனுவை நான் என் வாழ்நாளில் மறுத்ததில்லை. மறுநாள் காலை பத்து மணிக்கு அலுவலகம் திறந்ததும் 'விடுப்பு அளிக்கப்பட்டது' என்று எழுதிக் கையொப்பமிட்டேன். அதற்குள் சின்னசேலம் சாலையில் புளியமரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். பேருந்து ஒன்றும் ஓடவில்லை. பாவாடை ஒரு மாட்டுவண்டியில் அவளைக் கிடத்திக்கொண்டு போனான். மறியல் செய்தவர்களே இரண்டு இடங்களில் மாட்டை அவிழ்த்து, வண்டியைத் தூக்கி மரத்துக்கு அப்பால் வைத்தார்களாம். மூன்றாவது மரத்தருகே அதற்குத் தேவை இல்லாமல் போயிற்று.

பத்து நாள் கழித்து அவளுடைய துணிகளை எடுத்துச் செல்லப் பாவாடை விடுதிக்கு வந்தான். சமையற்கட்டில் நின்று, "எம் பொண்டாட்டி சோகத்துல செத்துட்டாங்க" என்று எல்லோரிடமும் சொன்னான். நான் திருத்தவில்லை. அவன் என்னிடம் மனு எதுவும் தரவில்லை.

ஏன் என்று கேட்கிறீர்கள். செல்லியம்மாளிடமும் மாணவிகளிடமும் விசாரித்துவிட்டு, முதல் மனுவைத் திருப்பிய நாளன்று நடந்ததைத் தாங்களே ஒரு காரணமாகக் கட்டியிருக்கிறீர்கள். நடந்தது இவ்வளவுதான். காலை உணவு வேளையில் எல்லார் முன்னிலையிலும் அம்மனுவைப் படித்துக்காட்டி, உனக்கு என்ன சோகம் என்று அவளைக் கேட்டேன்.

"சோகம் இல்லீங்கம்மா. ரத்தம் கம்மியா இருக்குதுன்னு நர்சம்மா சொன்னாங்களே, அது."

"அதற்குப் பெயர் சோகை."

"அதாங்கம்மா. உங்களுக்கே தெரியுதில்ல, அப்புறம் இன்னாத்துக்கு என்னை நிக்க வெச்சுக்கினு கேக்குறீங்க?"

கூடம் சிரித்தது. அவளும் பிளந்த நகங்கள் தெரியக் கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அதில் வன்மம் இல்லை. அதை நான் ஒப்புக்கொள்கிறேன். முப்பத்தைந்து ஆண்டுகள் தமிழ் கற்பித்த ஒருத்தி, எழுத்தறியாத ஒருத்தியின் சிரிப்பைப் பொருட்படுத்துவாள் என்று எண்ணுவது தங்கள் துறையின் தரத்தைக் காட்டுகிறது.

'பூமாலை இறந்தாள்' என்று தங்கள் எழுத்தர் எழுதியிருக்கிறார். அத்தொடரில் செய்தவர் மறைந்துவிடுகிறார். 'பதினேழாம் நாள் சாலை அடைபடும் என்று அறிந்தே பூமாலையை நான் நிறுத்திவைத்துச் சாகவிட்டேன்' என்று திருத்துக. 'சிரித்ததற்காக' என்ற சொல்லைச் சேர்க்க வேண்டா, அது பொய். அன்று சிரித்தவர்கள் பதினொரு பேர். அவர்களின் பெயர்களை, யார் முதலில் சிரித்தார் என்ற வரிசையில், தனித்தாளில் எழுதி இத்துடன் இணைத்திருக்கிறேன்.