குதிரை விழுந்த கணக்கு

இல்லை ஃபாதர், கனபேர் எண்டு சும்மா சொல்லேலாது. எண்ணினனான். மேடையில ஏழு பேர். பக்கத்தில வாத்தியக்காரர் நாலு பேர். கதிரையில நாப்பத்தாறு. குசினிக்குள்ள ரோல் பொரிச்சுக்கொண்டு மூண்டு பொம்பிளையள். நான் ஒராள். மொத்தம் அறுபத்தொண்டு. தள்ளுவண்டிலுக்க ஒரு கைக்குழந்தையும் இருந்தது, அது நித்திரை. நித்திரை கொண்டது சாட்சி சொல்லாது எண்டு சேர்க்கேல்லை.

ஓம், எங்கட கோயில் ஹோலுக்குள்ளதான். வியட்நாம் ஆக்கள் தங்கட புதுவருசத்துக்குப் பழைய கூத்து ஒண்டு போட்டவை. பத்து மணிப் பூசைக்கு வாற சனம்தான். ஹோல் பூட்டித் திறக்கிற திறப்பு என்னட்டை எண்டு தெரியுந்தானே. கதிரை எண்ணி அடுக்கிறதும் நான்தான்.

ஓமோம், பாவத்துக்கு வாறன். வெளியில பாவசங்கீர்த்தனத்துக்கு இன்னும் அஞ்சு பேர் வரிசையில நிக்கினம், தெரியும். எனக்கு உங்களிட்ட ஒரு தீர்ப்புத்தான் வேணும். அண்டைக்கு நான் மேளத்தில அடிச்ச ஒன்பது அடி பொய்யோ, இல்லையோ? வாய் திறக்கேல்லை, கைதான் சொன்னது. பொய் சொல்லாதே எண்ட எட்டாம் கட்டளை கைக்கும் இருக்கோ? பொய் எண்டா மேளத் தடியை இண்டைக்கே திருப்பிக் குடுக்கவேணும். இந்தா, ஜக்கெற்றுக்குள்ள கிடக்கு.

அது பாட்டுக்கு அடிக்கிற மேளம் இல்லை, ஃபாதர். மேடைக்குக் கீழ, சனத்துக்கு முன்னால வைப்பினம். மூத்த ஆள் ஒருத்தர் அதில இருந்து, ஆடுறவை எப்பிடி ஆடுகினம் எண்டு அடிச்சுச் சொல்லவேணும். நல்லா இருந்தா தோலில ஒண்டு. இன்னும் நல்லா இருந்தா ரெண்டு. ஆகத் திறம் எண்டா மூண்டு, அதுக்கு மேல இல்லை. பிழை விட்டா மர விளிம்பில டக்கெண்டு ஒரு தட்டு. எல்லாச் சனத்துக்கும் முன்னால. ஆடுறவைக்கு அந்தத் தட்டுக்குத்தான் பயம்.

உங்கட போன ஞாயிற்றுப் பிரசங்கத்துக்கோ? உந்தக் கதை ஏன் ஃபாதர் இப்ப. சரி, கேட்டுப்போட்டியள். ரெண்டு குடுக்கலாம். ஆனா பதினெட்டாவது நிமிசத்தில விளிம்பில ஒண்டு. குறை நினைக்காதேங்கோ, பாவசங்கீர்த்தனத்தில இருந்துகொண்டு பொய் சொல்லேலாது.

என்னை ஏன் இருத்தினவையோ? லாம் எண்டு ஒருத்தர், காருக்குச் சாமான் செய்யிற ஃபக்டரியில என்னோட இருபத்திரண்டு வருசம் நிண்டவர். நான் கடைசி மேசையில பழுதுகளைப் பொறுக்கி எறியிற ஆள். வழக்கமா அந்த மேளத்துக்கு லாம்தான். இந்தமுறை அவருக்குக் கண் ஒப்பரேசன். மிச்சம் எல்லாரும் ஆடுறவைக்கு மச்சானும் மாமியும் மருமோளும். ஆர் அடிச்சாலும் பக்கச்சார்பு எண்டு சண்டை வரும். அப்ப லாம் சொன்னார், அமிர்தநாதர் இருக்கட்டும், உந்த மனிசன் தன்ர தாய் செய்த போல்ற்றையும் பழுது எண்டு எறியிற ஆள் எண்டு. நானும் திறப்போட பதினொரு சனிக்கிழமை பின்கதிரையில இருந்து ஒத்திகை பாத்தனான்தானே. கதை மனப்பாடம். பாசைதான் தெரியாது.

தளபதி வேசம் ஒரு பொம்பிளை கட்டினவ. ஹோவா எண்டு பேர். அறுபத்தாறு வயசு, வெக்ஸ்போர்ட்டில உடுப்புத் தைக்கிற கடை. புருசன் செத்துப் பத்து வருசம். நீங்கள் அது கேக்கேல்லையோ? சரி, நான்தான் சொல்லிப்போட்டன்.

முகம் முழுக்கச் சிவப்பு, முதுகில நாலு கொடி. சிவப்பு எண்டா விசுவாசமான ஆளாம். கையில ஒரு சவுக்கு. அந்தச் சவுக்குத்தான் குதிரை, ஃபாதர். வேற குதிரை இல்லை. சவுக்கு ஆடினா குதிரை ஓடுது. சவுக்கு விழுந்தா குதிரை விழுந்திட்டுது.

விழுந்திட்டுது.

சண்டைக்குப் போற கட்டம். கை வழுக்கி, தடால் எண்டு. குசினி மூண்டும் போக அம்பத்தேழு பேரும் என்ர கையைப் பாக்கினம். விளிம்பில ஒரு தட்டு, அவ்வளவுதான் என்ர வேலை. தட்டத்தான் தடியைத் தூக்கினனான். கை தோலுக்குப் போயிட்டுது. ஒண்டு. ரெண்டு. மூண்டு.

அதுக்கு முதல் நான் ஒருத்தருக்கும் மூண்டு குடுக்கேல்லை. பக்கத்தில இருந்த லாம் மிச்சமிருந்த கண்ணையும் கையால பொத்தினார். குசினிக்குள்ள இருந்து மூண்டு பேரும் கரண்டியோட வெளியில வந்திட்டினம்.

அவவோ? சவுக்கை எடுத்தா. என்னை ஒருக்காப் பாத்தா. அந்தப் பூச்சுக்குள்ள சிரிச்சாவோ எண்டு வடிவாத் தெரியேல்லை. மேடையை ஒரு சுத்துச் சுத்தி, நேர என்ர மேளத்துக்கு முன்னால வந்து, திருப்பியும் சவுக்கைக் கீழ போட்டா. வழுக்கேல்லை ஃபாதர், போட்டவ. அஞ்சு விரலும் விரிஞ்சதை இந்தக் கண்ணால பாத்தனான்.

திருப்பி மூண்டு.

அப்ப இந்த ரெண்டாவது மூண்டில பாதிப் பாவம் அவவின்ர பக்கம் போகாதோ? கேட்டுப்பாத்தன், சிரிக்காதேங்கோ. வெளியில கேக்கும்.

மூண்டாவதுதான் பெரிய பிழை. கூத்து முடிஞ்சு எல்லாரும் வரிசையில நிண்டு கும்பிட்டவை. நடிப்பு ஒண்டும் இல்லை, அவ சும்மா நிண்டவ. சும்மா நிண்டதுக்கு மூண்டு அடிச்சுப்போட்டன். சனம் சிரிச்ச சிரிப்பில அந்தக் குழந்தையும் எழும்பியிட்டுது. அப்ப சாட்சி அறுபத்திரண்டு.

பிறகு நான் கதிரை மடிக்கேக்குள்ள முகத்தைக் கழுவிப்போட்டு வந்தா. ரெண்டு பேருக்கும் அரைகுறை இங்கிலிஸ்தான். முதல்தரம் மட்டும்தான் குதிரை தானா விழுந்தது எண்டா. அந்த ஒன்பதும் பகிடியோ, மெய்யோ எண்டு கேட்டா. பகிடி எண்டா தடியை லாமிட்டக் குடுக்கட்டாம். மெய் எண்டா வைச்சிருக்கட்டாம். ஃபாதரைக் கேட்டுச் சொல்லுறன் எண்டன். இண்டையோட பதினாலு நாள்.

அடிக்கேக்குள்ள என்ன நினைச்சனானோ? ஒண்டும் நினைக்கேல்லை.

சரி. பதினொரு சனிக்கிழமையும் ஒத்திகை முடிய, அவ தான் இருந்த கதிரையைத் தானே மடிச்சு, கொண்டுவந்து என்ர அடுக்கில நேரா வைச்சிட்டுப் போறவ. மற்ற ஒருத்தரும் அப்பிடிச் செய்யிறேல்லை. நீங்களும்தான் ஃபாதர். அதை நினைச்சனான்.

பொய் இல்லை எண்டுறியள். நல்லா யோசிச்சுச் சொல்லுங்கோ. பொய் எண்டா லேசு. அபராத செபம் சொல்லிப்போட்டு, தடியைக் குடுத்திட்டு வீட்ட போயிடுவன். பொய் இல்லை எண்டாத்தான் கரைச்சல். இதுக்குள்ள கேட்டதை நீங்கள் வெளியில சொல்லக்கூடாது எண்டு எனக்குத் தெரியும். ஆனா இதை மட்டும் சொல்லவேண்டிவரும். மூண்டு ஞாயிறு, மைக்கில, ரெண்டு பேற்ற பேரையும். எங்கட பூசையிலயும் பத்து மணிப் பூசையிலயும்.

ஓம் ஃபாதர், கலியாணக் கூறல்தான்.

என்ர மனிசி மேரி போய்ச் சேந்து ஏழு வருசமும் நாலு மாசமும். மகள் ஸ்டெபனிக்கு நேற்றுச் சொன்னனான். கொஞ்சம் அழுதாள், பிறகு நான் போட்டிருக்கிற இந்தச் சேட்டை அயன் பண்ணித் தந்தாள். ஹோவாவுக்கு இனித்தான் சொல்லவேணும். வரிசையில நிக்கிற அஞ்சாவது ஆள் அவதான். வாய் வராட்டியும் பரவாயில்லை, தடி இன்னும் என்ர கையில இருக்கிறதைக் கண்டாப் போதும்.

அப்ப கணக்கை முடிப்பம். அண்டைக்குத் தோலில விழுந்தது மொத்தம் நாப்பத்தேழு. கூத்துக்குப் போனது முப்பத்தெட்டு. மிச்சம் ஒன்பது.