கிழக்குப் பக்கத்து நாற்காலி

— கேட்டுக்கு வெளியிலேயே என்னை நிப்பாட்டி வைக்கிறீங்கள், சரளா. நான் பிழையான நேரத்தில வந்திட்டனோ?

— ஐயோ, அப்படி இல்லக்கா. உள்ள ஒரே புழுக்கம் லா. இங்கன்னா காத்து வருது.

— மிசஸ் லியோங் வீட்டில புழுக்கமோ? முப்பது வருசமா அந்த மேசையில, கிழக்குப் பக்கத்து நாற்காலியில இருந்தனான். ஃபேன் நேரா என்ர தலைக்கு மேலதான். மாஜோங் கட்டை கலைக்கிற சத்தம் கேக்குது. ஆட்டம் நடக்குதோ?

— சும்மா கலைச்சுக்கிட்டு இருக்காங்க. நீங்க சொல்லுங்கக்கா, என்னா விசயம்?

— எப்படித் தொடங்கிறதெண்டு தெரியேல்லை, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. நான் திரும்ப ஆட வரலாமோ எண்டு கேக்க வந்தனான்.

— மாஜோங்கா? நீங்களா?

— மெதுவாக் கதையுங்கோ, ரோட்டில ஆக்கள் போகினம்.

— ஏங்கா, ஐயாவுக்கு ஸ்ட்ரோக் வந்தப்ப நீங்கதான கோயில்ல எல்லாரு முன்னாடியும் சொன்னீங்க, இனிமே கட்டையைக் கையால தொட மாட்டேன்னு?

— சொன்னனான்தான். அவர் ஆசுபத்திரியில வாய் கோணிக் கிடக்கேக்க சொன்னது. நான் இங்க கட்டை அடுக்கிக்கொண்டிருக்க, அந்த மனுசன் அங்க குசினிக்குள்ள விழுந்து கிடந்தவர். நீங்களெல்லாம்தானே என்னோட ஓடி வந்தனீங்கள். அந்த நேரத்தில வேற என்னத்தைச் சொல்ல ஏலும்? இப்ப ஈப்போவில போற இடமெல்லாம், கலாதேவி டீச்சரைப் பாருங்கோ, புருசனுக்காக எல்லாத்தையும் விட்டவ எண்டு சொல்லுகினம். மாதர் சங்கத்தில பொன்னாடை வேற போத்தினவை. அது மடிச்சபடி அலுமாரிக்குள்ள கிடக்குது. அதைக் காணுற நேரமெல்லாம் எனக்கு மாஜோங் ஞாபகம்தான் வருது.

— ஐயா என்னா சொல்றாரு?

— அவரிட்ட இன்னும் கேக்கேல்லை. எந்த வாயால கேக்கிறது? பாவம், சட்டைப் பொத்தான் போடக்கூட அவரால ஏலாது. ஒவ்வொரு நாளும் காலமை நான்தான் போட்டு விடுறனான். மேல இருந்து கீழ வரைக்கும், ஒவ்வொண்டா. பச்சைப்பிள்ளை மாதிரி நிப்பார்.

— பொத்தான் போட முடியலையா? ஐயாவாலயா?

— ஏன் அப்படிக் கேக்கிறீங்கள்?

— இல்ல, சும்மாதான்.

— இண்டைக்குப் போல ஒவ்வொரு வியாழக்கிழமை பின்னேரமும் பக்கத்து வீட்டு ராமையா தன்ர கார்ல அவரைக் கைப்பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு போவார். அந்த நேரத்தில வந்து ஒரேயொரு சுற்று ஆடிப்போட்டு, அவருக்கு முன்னால வீட்ட போயிடுவன். காசுக்கில்லை, மெங்லெம்புக் கச்சான் கடலைக்குத்தானே ஆடுறம், பாவமொண்டும் வராது.

— அக்கா, மறைக்காம சொல்லிர்றேன். எடம் காலி இல்ல.

— காலி இல்லையோ?

— மாஜோங்குக்கு நாலு பேரு வேணும். நீங்க வராம நாங்க மூணு பேரும் எத்தன நாளைக்கு ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு உக்கார்றது? எங்க சுங்காய் ரப்பர் தோட்டத்துல, காலையில பெரட்டுல பேரு கூப்பிடுறப்ப ஆளு வரலன்னா, அவரு பால் வெட்டுற மரத்தை வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க. அதே மாதிரிதான் லா.

— ஆருக்குக் குடுத்தனீங்கள்? அந்தப் போஸ்ட்மாஸ்டர்ர மனுசிக்கோ? அவவுக்குக் கட்டையின்ர மேல் கீழ் தெரியாது.

— பொம்பள இல்லக்கா.

— ஆம்பிளையோ? என்ர நாற்காலியிலயோ?

— கெட்டிக்காரரு லா. மொதல்ல கையில கட்டை நிக்காது, தரையெல்லாம் கொட்டும். லியோங் அக்கா பொறுக்கிப் பொறுக்கிக் குடுப்பாங்க. இப்ப பாக்குறதுகூட இல்ல, கட்டையில செதுக்கின படத்தை விரலால தடவியே இது மூங்கிலு, இது வட்டம்னு சொல்லிர்றாரு.

— ஏன் கொட்டும்? அந்தாளுக்குக் கையில என்ன வருத்தம்?

— அது வந்து…

— சரளா, ராமையாவின்ர கார் ஏன் அந்த மாமரத்துக்குக் கீழ நிக்குது?

— கோவிச்சுக்காதீங்கக்கா. பயிற்சி எடத்துல ஐயாவை மொளகு பொறுக்கச் சொன்னாங்களாம். சர்வேயரா நெலத்தை அளந்த கை மொளகு பொறுக்குமான்னு கேட்டுட்டு, திரும்ப அந்தப் பக்கமே போகல. அப்புறம் லியோங் அக்காதான் கூப்பிட்டு உக்கார வச்சாங்க. உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு எங்க மூணு பேருகிட்டயும் சத்தியம் வாங்கிட்டாரு.

— தள்ளுங்கோ.

— அக்கா, கொஞ்சம் பொறுங்க.

— தயவுசெய்து தள்ளுங்கோ, சரளா. வணக்கம், மிசஸ் லியோங், நீங்கள் எழும்ப வேண்டாம். இஞ்சருங்கோ, கைப்பயிற்சி எப்படிப் போகுது?

— கலா. வாரும், இரும்.

— எங்க இருக்கிறது? என்ர இடத்தில நீங்கள் எல்லோ இருக்கிறீங்கள்.

— நீர் கோயில்ல சொல்லிப்போட்டீர். இடத்தை வெளியாளுக்குக் குடுத்திடப் போகினமெண்டுதான் நான் வந்து இருந்தனான். உமக்காகப் பிடிச்சு வைச்ச இடம்.

— எனக்காக. அப்ப ஏன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லேல்லை?

— சொன்னால் விரல் சுகமாயிட்டுது எண்டு தெரிஞ்சிடும்.

— தெரிஞ்சால் என்ன?

— காலமை பொத்தான் போட வரமாட்டீர். கலியாணம் முடிச்ச நாளில இருந்து, நீர் என்ர முகத்துக்கு முன்னால அவ்வளவு நேரம் சும்மா நிண்டது இப்பதான், கலா.

— ஐயோ, நான் வேணும்னா வெளிய இருக்கேன் லா.

— ஒரு இடமும் போக வேண்டாம், சரளா. உங்கட இடத்தில இருந்து கட்டையைக் கலையுங்கோ. இஞ்சருங்கோ, நான் குசினிக்குள்ள நிக்கேக்க, பின்னேரத்தில உங்கட சட்டையை ஆர் கழட்டித் தோய்க்கிற கூடையில போடுறது? அத்தனை பொத்தானும் கழண்டபடிதானே கிடக்குது. கழட்டத் தெரிஞ்ச விரலுக்குப் போடவும் தெரியுமெண்டு எனக்கு எப்பவோ விளங்கீட்டுது. நாளைக்கும் போட்டு விடுறன். இப்ப எழும்புங்கோ, அது என்ர நாற்காலி.