கதவைத் திறக்காத சிஸ்டர் அஃபீஃபே

மேடையில் அமர்ந்திருக்கும் மதர் ஜூஸ்தீன் அவர்களே! பங்குத்தந்தை அவர்களே! பெய்ரூட்டிலிருந்து கேமராவோடு வந்திருக்கும் தயாரிப்பாளர் கமீல் அவர்களே! துக்கத்துக்குத் தரும் கசப்புக் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கும் ஊர்ப் பெரியவர்களே! அம்மாமார்களே! என்னோடு விடுதியில் தூங்கும் தோழிகளே!

என் பெயர் தக்லா. ஒன்பதாம் வகுப்பு. இந்த நினைவுக் கூட்டத்தில் எனக்குப் படிக்கக் கொடுத்த உரை வேறு. அதில் சிஸ்டர் அஃபீஃபே புன்னகை மலர், பாடும் பறவை என்று எழுதியிருந்தது. இது நேற்று இரவு போர்வைக்குள் நானே எழுதியது. என் குரல் நடுங்கினால் பொறுத்துக்கொள்ளுங்கள். நிறுத்த மட்டும் சொல்லாதீர்கள்.

சிஸ்டர் அஃபீஃபே பாடும் பறவையா? திருப்பலியில்கூட உதட்டை மட்டும்தான் அசைப்பார்! புன்னகை மலரா? கணக்கில் தப்புப் போட்டால், "உன் மூளைய வீட்ல பூனைக்கு வச்சிட்டு வந்தியாடி?" என்று கேட்பார். அவர் மேல் எப்போதும் குளோரின் வாசனைதான். விடுதியின் தரையை அவரே கழுவுவார். அந்த வாசனை வந்தால் நாங்கள் நிம்மதியாகத் தூங்குவோம்.

நீங்கள் அழுதது வேறொரு சிஸ்டருக்காக. கிறிஸ்துமஸ் வாரத்தில் நம் சிஸ்டரின் கதை என்று டிவியில் குடும்பத்தோடு பார்த்தீர்களே, அந்தத் தொடரில் வந்தவருக்காக. அவர் கிதார் வாசிப்பார். மாடிப்படிக் கைப்பிடியில் சறுக்கி வருவார். குடிகாரத் தகப்பன் ஒருவன் மகளைத் தேடி வந்ததும், அவர் ஒரு ஜெபம் சொல்வார். தகப்பன் கிறிஸ்துமஸ் குடிலின் முன்னால் விழுந்து அழுவான். சிஸ்டர் அந்த மகளின் கையைப் பிடித்து அவனிடம் கொடுப்பார். பனி கொட்டும். மணி அடிக்கும்.

அந்த மகள் நான்.

என் வலது காது கேட்காது. எப்படிக் கேட்காமல் போனது என்று தொடரில் வராது. குடும்பமாகப் பார்ப்பது அல்லவா! நான் ஓடி வந்த அன்று உண்மையில் நடந்ததைச் சொல்கிறேன். அப்பா கதவை உதைத்தார். சிஸ்டர் உள்ளே பூட்டிவிட்டு, கதவோடு நாற்காலியை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தார். கிதார் இல்லை. ஜெபம்கூடச் சத்தமாகச் சொல்லவில்லை. காவல் நிலையத்துக்குத்தான் போன் செய்தார்.

"மன்னிக்கணும்னு ஆண்டவர் சொல்லலையா சிஸ்டர்?" என்று கத்தினார் அப்பா.

"சொன்னார். கதவத் திறக்கச் சொல்லல."

விடியும்வரை அந்த நாற்காலியை விட்டு அவர் எழவில்லை. இதைப் படமாக எடுக்க முடியாதா? எடுத்தால் நீங்கள் பார்க்க மாட்டீர்களா?

தயாரிப்பாளர் அவர்களே, நீங்கள் சிஸ்டரிடம் பேசியபோது நான் வராந்தா துடைத்துக்கொண்டிருந்தேன். "முடிவுல கொஞ்சம் வெளிச்சம் வேணும் சிஸ்டர். புள்ளைங்களோட உக்காந்து பாக்குறாங்க" என்றீர்கள். "வெளிச்சம் வேணும்னா லைட்டப் போடுய்யா. புள்ளயத் தூக்கிக் கொடுக்காத" என்றார். நீங்கள் சிரித்தீர்கள். பிறகு தூக்கிக் கொடுத்தீர்கள்!

அது ஒளிபரப்பான மறுநாளே அப்பா வாசலில் நின்றார். "டிவில நீங்களே கையப் புடிச்சுக் கொடுத்தீங்களே சிஸ்டர், இப்ப எங்க என் பொண்ணு?"

"அது நான் இல்ல. பவுடர் போட்ட பொம்பள. அவ வீட்ல போய்க் கேளு."

அப்பா திரும்பிப் போனார். ஆனால் ஊர் மாறிவிட்டது. ரொட்டிக்கடையில் சாத்தர் பொடி தூவிய ரொட்டி வாங்கப் போனால், "எவ்ளோ அழுதேன் தெரியுமாடி! அப்பாகூடச் சேந்துட்டதானே?" என்கிறார்கள். சேரவில்லை என்றால் முகம் சுளிக்கிறார்கள். "சிஸ்டரே சொன்னப்புறம் உனக்கென்னடி வீம்பு?"

சிஸ்டர் இறந்த அன்று சுவர்களில் ஒட்டிய மரண அறிவிப்பைப் பார்த்தீர்களா? அதில் இருந்தது நடிகையின் முகம்! சிஸ்டரின் படம் கிடைக்கவில்லையாம். பெட்டியைத் திறந்தபோது ஓர் அம்மா, "இது யாரு, வேற ஆள வச்சிருக்காங்க?" என்றார். அந்த நடிகை கன்னியர் உடையிலேயே வந்து நின்றார். நீங்கள் வரிசையில் போய் அவர் கையை முத்தமிட்டீர்கள். சீ! பெட்டியில் கிடந்த கையை எத்தனை பேர் தொட்டீர்கள்?

மதர் ஜூஸ்தீன் அவர்களே, உங்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. பயமும் உண்டு. நேற்று மாலை என்னைக் கூப்பிட்டுச் சொன்னீர்கள்: "சிஸ்டரோட ஆசை அதுதானம்மா. நாடே பாத்துச்சே. கூட்டம் முடிஞ்சதும் அப்பாகூடப் போ. டிவிக்காரங்களும் எடுக்கணும்ங்கறாங்க." எந்த சிஸ்டரின் ஆசை, மதர்? பெட்டியில் கிடந்தவருடையதா, சுவரில் இருந்தவருடையதா?

பதில் எனக்குத் தெரியும். நான் போக மாட்டேன். இந்த மேடையிலேயே கையை இழுத்தாலும் போக மாட்டேன். பள்ளியை விட்டு அனுப்புவீர்கள் என்றால், காவல் நிலையத்துக்கு அனுப்புங்கள். அங்கே அப்பா மேல் எனக்காக சிஸ்டர் கொடுத்த புகார் இருக்கிறது.

எனக்குப் பின்னால் பேசுகிறவர்கள் எல்லோரும், "சிஸ்டர் அஃபீஃபேயின் பணியைத் தொடர்வோம்" என்று சொல்வார்கள். கை தட்டுவீர்கள். நான் இப்போதே தொடங்குகிறேன்.

கேமராவில் முழுக் குடும்பமும் தெரிய வேண்டும் என்று அப்பா என் தங்கையையும் அழைத்து வந்திருக்கிறார். அவளுக்கு ஏழு வயது. போன ஞாயிறு என்னைப் பார்க்க வந்தபோது, முடி பின்ன அவளால் கையைத் தூக்க முடியவில்லை. கீழே விழுந்துவிட்டாளாம். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தோழிகளே, எழுந்து நாற்காலிகளுக்கு நடுவே உள்ள வழியின் இரண்டு பக்கமும் நில்லுங்கள். யாரும் குறுக்கே வர விடாதீர்கள்.

நஜ்லா, அப்பாவப் பாக்காதடா. அக்காவ மட்டும் பாரு. எந்திரிச்சு வா.