வால் முளைக்காத பல்லி

முதன்முதலாக ஊர்வன வளர்க்க நினைப்பவர்களுக்கு கிரெஸ்டட் கெக்கோவைப் போலத் தொல்லை இல்லாத பிராணி கிடையாது. குரைக்காது, முடி கொட்டாது, வாசலில் யார் வந்தாலும் கண்டுகொள்ளாது. பாம்பு என்றால் எலி வாங்கித் தர வேண்டும். ஆமை என்றால் நமக்குப் பிறகும் உயிரோடு இருக்கும். இது உள்ளங்கை நீளத்துக்கு ஒரு பல்லி, அவ்வளவுதான். கண்ணுக்கு மேலே இமைமயிர் போல ஒரு வரிசை முள் இருக்கும். இமைதான் கிடையாது. கண்ணில் தூசி விழுந்தால் நாக்கை நீட்டித் தானே துடைத்துக்கொள்ளும். சத்துமாவு மாதிரி ஒரு பொடி வருகிறது, தண்ணீரில் கரைத்து வைத்தால் நக்கிச் சாப்பிடும். கண்ணாடிக் கூண்டுக்குள் ரெண்டு கொடி, ஒரு மரப்பட்டை, காலையும் மாலையும் கொஞ்சம் தண்ணீர் தெளிப்பு. வெயில் மட்டும் ஆகாது.

அமலா மேடம், இதையும் மராத்தியில் சொல்லிவிடுங்கள். இன்ஸ்பெக்டர் சாஹேப் கூண்டைப் பார்த்ததிலிருந்து அது விஷ ஜந்து என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார். எனக்கும் மராத்தி வரும், ஆனால் அது ஆட்டோக்காரரோடு சண்டை போடும் அளவுக்குத்தான். இந்த மாதிரி விஷயத்துக்குத் தமிழ்தான் சரிப்படும். அதற்காக கேம்ப் ஏரியாவிலிருந்து ஒரு தமிழ் டீச்சரையே வரவழைப்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. உங்களுக்கு வீண் அலைச்சல்.

நான் ஒரு அமெரிக்கக் கம்பெனிக்கு இரவு வேலை பார்த்தேன். யாருடைய இன்டர்நெட்டாவது நின்றுபோனால் என்னிடம் கத்துவார்கள். ஒரு நாள் பாதி ஷிப்டில் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு வந்தேன், திரும்பப் போகவில்லை. பெரிய காரணம் எதுவும் இல்லை. வேலை போனது, பகலில் தூங்கும் பழக்கம் போகவில்லை. இருட்டினால்தான் கெக்கோவும் எழுந்திருக்கும். நண்பன் ஷ்ரேயஸ் ஜெர்மனிக்குக் கிளம்பியபோது கூண்டோடு என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். மழை முடிந்திருந்த சமயம். மழைக்காலத்திலும் குளிர்காலத்திலும் புணே அந்தப் பிராணிக்காகவே கட்டிய ஊர் மாதிரி இருக்கும்.

வீட்டில் நானும் அப்பாவும் மட்டும்தான். அப்பா விஸ்வேஸ்வரன், போசரியில் ஒரு இன்ஜினியரிங் கம்பெனியில் இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா போய்ச் சேர்ந்து வெகு நாளாகிறது. அக்கா வைஷு சென்னையில். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு திரும்ப நடக்கப் பழகிக்கொண்டிருந்தார். இதயமும் சுமார்தான். ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீருக்கு மேல் குடிக்கக் கூடாது என்று டாக்டர் அளவு போட்டிருந்தார். காலையில் வேலைக்கு வரும் ஷீலா மௌஷி சமைத்து, அவரைக் குளிப்பாட்டிவிட்டுப் போவார். மற்றதெல்லாம் நான். நான் நன்றாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று கட்டிடத்தில் எல்லோருமே சொல்வார்கள், கேட்டுப் பாருங்கள்.

கூண்டை வீட்டுக்குள் கொண்டு வந்த அன்று அப்பா நல்ல உற்சாகத்தில் இருந்தார்.

"ஏண்டா, ஆத்துல இருக்கற பல்லி போறலையா? வெளியிலேர்ந்து வேற இறக்குமதி பண்றியா?"

"இது பல்லி இல்லப்பா. கெக்கோ."

"ஓகோ, இங்கிலீஷ் படிச்ச பல்லியா? பேரு என்ன?"

"இன்னும் வெக்கலை."

"சனியன்னு வை. எடுப்பா இருக்கும்."

அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. எனக்கு ஆட்சேபணை இல்லை. பெயரில் என்ன இருக்கிறது, கூப்பிட்டால் அது வரப்போவதும் இல்லை.

மார்ச் வரை ஒரு பிரச்சினையும் இல்லை. அதன்பின் வெயில் ஏறியது. எங்கள் வீடு மேல் மாடி. என் அறை மேற்குப் பார்த்தது, மத்தியானத்துக்கு மேல் சுவரில் கை வைக்க முடியாது. புறாத் தொல்லைக்காக ஜன்னலுக்கு வலையும் அதன்மேல் பிளாஸ்டிக் ஷீட்டும் அடித்திருந்தோம், காற்றும் வராது. இருபத்தெட்டு டிகிரியைத் தாண்டினால் சனியன் சாப்பிடாது. இன்னும் கொஞ்சம் ஏறினால் செத்துவிடும். வீட்டில் ஒரே ஏ.சி., அது அப்பா அறையில். வைஷு வாங்கிப் போட்டது.

"வெயில் போறவரைக்கும் சனியன் உங்க ரூம்ல இருக்கட்டும்பா."

"வைஷு எனக்கு ஏ.சி. போட்டாளா, அதுக்குப் போட்டாளா?"

"ஒரு மூலையிலதான் வெக்கப்போறேன்."

"துணி போட்டு மூடி வை. காத்தால எழுந்து அதோட மூஞ்சில முழிக்க முடியாது."

அதுவும் சுமுகமாகத்தான் போனது. ஒரு சாயங்காலம் நான் கூண்டைத் துடைத்துக்கொண்டிருந்தபோது சனியன் என் கையிலிருந்து ஒரே தாவாகத் தாவியது. நேராக அப்பாவின் தலையில். கெக்கோவுக்குத் தாவுவது சுபாவம், வழுக்கைத் தலை நல்ல பிடிமானமும் கூட. அப்பா கத்தவில்லை. அது இறங்கும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு பஞ்சாங்கத்தை எடுத்துவரச் சொன்னார். பல்லி விழும் பலன் பக்கத்தை நான் படித்தேன்.

"தலை. கலகம்."

"நன்னாப் பாரு. மரணம்னு போட்டிருக்கா?"

"கலகம்னுதான் இருக்கு."

"கலகம்னா யாரோட?"

"இங்க நாம ரெண்டு பேர்தானேப்பா இருக்கோம்."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. இது பசிபிக் கடல் தீவில் இருந்து வந்த ஜாதி, நம் பஞ்சாங்கம் இதற்குப் பொருந்தாது என்று எடுத்துச் சொன்னேன். "பல்லிக்குப் பாஸ்போர்ட்டா கேப்பா? எந்த ஊர்ப் பல்லியா இருந்தா என்ன, விழுந்தது என் தலை" என்றார். தலைக்குக் குளித்தார். வைஷுவுக்குப் போன் போட்டார். அவள் சிரித்துவிட்டு, வார முடிவில் காஞ்சிபுரம் போய்த் தங்கப் பல்லியைத் தொட்டுவிட்டு வருகிறேன், தோஷம் போய்விடும் என்றாள். அப்பாவுக்கு அது போதவில்லை.

"அதுவும் நானும் ஒரே ரூம்ல இருக்கப்படாது. இன்னிக்கோட சரி."

நாளைக்குப் பார்க்கலாம் என்றேன். அது என் தவறு. உடனே செய்திருக்கலாம்.

மறுநாள் மத்தியானம் நான் ஹாலில் தூங்கிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டுப் போனால், அப்பா தானாகவே எழுந்து நின்றுகொண்டிருக்கிறார். பக்கவாதத்துக்குப் பிறகு யாருடைய துணையும் இல்லாமல் அவர் எழுந்தது அதுவே முதல் முறை. டாக்டர் பார்த்திருந்தால் கை தட்டியிருப்பார். ஒரு கை வாக்கரில், மறு கையில் விளக்குமாறு. ஏ.சி.யை அணைத்து, பால்கனிக் கதவைத் திறந்து வைத்து, கூண்டையும் திறந்து, சனியனை வெளியே தள்ளப் பார்த்திருக்கிறார். அது திரைச்சீலை உச்சியில் ஒட்டிக்கொண்டிருந்தது. வால் தரையில் தனியாகத் துடித்துக்கொண்டிருந்தது.

"என்னப்பா இது?"

"வால்தானேடா? முளைச்சுடும். எத்தனை பல்லிக்கு அறுந்து முளைச்சிருக்கு, நான் பாத்ததில்லையா?"

"இதுக்கு முளைக்காதுப்பா."

"வால் முளைக்காத பல்லியா?" அப்பா கட்டிலில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தார். "காசு குடுத்தாலும் இந்த மாதிரி உதவாக்கரை கிடைக்காதுடா. பகவான் உனக்குன்னே செஞ்சு அனுப்பியிருக்கான்."

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. வீட்டுப் பல்லிக்கு வால் முளைக்கும். கிரெஸ்டட் கெக்கோவுக்கு ஒரு தடவை போனால் போனதுதான். இந்த வித்தியாசம் பலருக்கும் தெரியாது. வால் இல்லாமலும் அது நன்றாகவே வாழும், உடம்புக்கு ஒரு குறைவும் கிடையாது. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நான் கோபப்பட அங்கே ஒரு காரணமும் இல்லை. கோபப்படவும் இல்லை. வாலைக் காகிதத்தில் சுருட்டிக் குப்பையில் போட்டேன். சனியனைப் பிடித்துக் கூண்டில் விட்டேன். ஏ.சி.யைப் போட்டேன். அப்பாவுக்குக் காபி கலந்து கொடுத்தேன்.

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு யோசித்தேன். இரண்டு பேரும் ஒரே அறையில் இருக்கக் கூடாது என்று அப்பா கேட்டது நியாயம்தான். அப்படியென்றால் ஒருவர் இடம் மாற வேண்டும். வால் இழந்த கெக்கோவை உடனே இடம் மாற்றினால் மிரண்டு, தீனி எடுக்காமல் கிடக்கும். கண்ணாடிக் கூண்டு கனமும் கூட. அப்பாவுக்குச் சக்கர நாற்காலி இருக்கிறது.

காலையில் அவரை வாக்கரோடு நாற்காலியில் உட்கார வைத்து என் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனேன்.

"எங்கடா போறோம்?"

"நீங்கதானேப்பா சொன்னேள், ரெண்டு பேரும் ஒரே ரூம்ல இருக்கப்படாதுன்னு."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். விளையாடுகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ. "சரி, சாயங்காலத்துக்குள்ள அதை எங்கயாவது தொலைச்சுட்டு வா" என்றார்.

மேடம், நிறுத்திவிட்டீர்களே. தண்ணீர் வேண்டுமானால் குடியுங்கள். நான் மெதுவாகச் சொல்கிறேன்.

அன்றைக்கு ஷீலா மௌஷி வரவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். வர வேண்டாம் என்று மெசேஜ் அனுப்பியது நான்தான். அந்த வெயிலில் அந்தம்மா எதற்கு அலைய வேண்டும். அப்பாவின் போன் ஏ.சி. அறையில் சார்ஜில் இருந்தது, அங்கேயே இருந்துவிட்டது. அறையில் ஃபேன் ஓடியது, அதை நான் நிறுத்தவே இல்லை. தண்ணீர் டாக்டர் சொன்ன அளவு. ஒரு சொட்டு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பத்து மணிக்குள் அவரே அதைக் குடித்து முடித்துவிட்டார்.

என் போனில் இரண்டு அறைகளின் வெப்பமும் பதிவாகியிருப்பதைச் சாஹேப் கேட்கிறார். அந்த தெர்மாமீட்டருக்கு இரண்டு சென்சார். ஒன்று கூண்டுக்குள் இருக்கும். இன்னொன்று சும்மாதான் கிடந்தது, அப்பா இருந்த என் அறையில் வைத்தேன். ஒப்பிட்டுப் பார்க்க. சனியனுக்கு இருபத்துநாலில் நிலையாக நின்றது. அப்பா பக்கம் நாற்பதைத் தாண்டியபோது போன் ஒரு எச்சரிக்கை அடித்தது. கெக்கோவுக்கான எச்சரிக்கை அது. மனிதர்களுக்கு எவ்வளவு வரை தாங்கும் என்று நான் தேடிப் பார்க்கவில்லை. தேவைப்படவில்லை, பள்ளியில் படித்ததுதானே.

மத்தியானம் ஒரு தடவை கதவைத் திறந்து பார்த்தேன். நாற்காலியிலிருந்து இறங்கி, சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். முகம் சிவந்திருந்தது. வேர்வையே இல்லை. தொட்டால் சுட்டது.

"வைஷு, வந்துட்டியா? காஞ்சிபுரம் போனியா?" என்றார்.

"போயிட்டு வந்துட்டேன்பா" என்றேன். மனதுக்குச் சமாதானமாக இருக்கட்டும் என்றுதான்.

"தொட்டியோ?"

"தொட்டேன்."

"அப்ப என்னை அந்த ரூமுக்குக் கொண்டு போயேம்மா."

வேர்வை நின்று பேச்சு குழறினால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும். கெக்கோ வந்த வாரமே அதையெல்லாம் படித்துவிட்டேன். சூடு தலைக்கு ஏறினால் முதலில் தடுமாறும், அப்புறம் துவளும், அப்போதே குளிர்ந்த இடத்துக்கு மாற்றினால் பிழைத்துக்கொள்ளும். ஏ.சி. அறை பத்தடி தூரம். ஆனால் அந்த நேரத்தில் அங்கே கதவைத் திறந்தால் அனல் உள்ளே போய்விடும், சனியன் வேறு அப்போதுதான் தூங்க ஆரம்பித்திருந்தது. வால் போன அதிர்ச்சிக்குத் தூக்கம் முக்கியம். கொஞ்சம் பொறுங்கோப்பா, வெயில் தாழட்டும் என்று அப்பாவிடம் சொன்னேன். கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டேன்.

நேற்று சாஹேபிடம் வெறுமனே சாத்தினேன் என்று சொல்லியிருந்தேன். அது சரியில்லை, திருத்தி எழுதிக்கொள்ளுங்கள். வெளித் தாழ்ப்பாளைப் போட்டேன். காலையிலும் போட்டிருந்தேன். நடக்க முடியாத மனிதருக்கு எதற்குத் தாழ்ப்பாள் என்று சாஹேப் கேட்பது புரிகிறது. அவர் நடக்க ஆரம்பித்துவிட்டார், அதனால்தான். முந்தின நாள் என் கண்ணாலேயே பார்த்தேனே.

நான் ஏ.சி. அறையில் கூண்டுக்குப் பக்கத்தில் படுத்திருந்தேன். கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. முதலில் வாக்கரால், அப்புறம் கையால். பேர் சொல்லிக் கூப்பிட்டார். என் பேரைத்தான், வைஷு பேரை இல்லை. அப்படியென்றால் கொஞ்சம் தெளிந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். வெயில் தாழ்வதற்கு முன்பே தட்டுவது நின்றது. அப்பாடா, கண் அசந்துவிட்டார் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. தூக்கத்தில் எழுப்பினால் அப்பாவுக்குப் பிடிக்காது. அதனால் மறுநாள் காலை வரை நான் அந்தக் கதவைத் திறக்கவில்லை.