ஐஸ் பெட்டியில் இன்சுலின்

"ஊசி மருந்து என்ன சாள மீனாலே, ஐஸுக்குள்ள புதைக்கதுக்கு?"

நெல்லை வண்ணார்பேட்டையில் திருச்செந்தூர் பஸ்ஸில் ஏறி உட்காருவதற்குள் அந்தப் பெண் தம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து அவர்கள் கூட்டிவந்த அம்மா, எனக்கு முன் சீட்டில் ஜன்னலோரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீட்டுல கரண்டு அடிக்கடி போவுதுக்கா. அதான் கடலுக்குக் கொண்டுபோற மீன் பெட்டியில வச்சேன். ஐஸுல வச்சா எதுவும் கெடாதுல்லா?"

"மீனு கெடாது. இன்சுலின் ஒரு புரதம்னு டாக்டர் சொன்னாருல்லா? உறைஞ்சா உருக்குலைஞ்சு போயிருமாம். பொறவு இளகினாலும் வேல செய்யாதாம். அவிச்ச முட்டைய திரும்பப் பச்சையாக்குவியாலே? செத்த மருந்தத் தெனமும் அம்மாவுக்குக் குத்தியிருக்க!"

"நீ மட்டும் என்ன செஞ்ச? சுகர் ஏறுனதும், அம்மா களவாத் திங்கான்னு அடுக்களையப் பூட்டி வச்சியே!"

"மருந்து கெட்டது எனக்கென்னலே தெரியும்? ஊசி போட்டும் குறையலன்னா வேற என்னன்னு நெனைக்க?"

கண்டக்டர் டிக்கெட் கேட்கத் தயங்கி நின்றார். அம்மா அப்போதுதான் மகள் பக்கம் திரும்பினார்.

"மாதா மேல ஆணையா நான் எதுவும் திங்கலன்னு எத்தன தடவ அழுதேன். ரெண்டு பேரும் நம்பல. இப்ப டாக்டர் சொன்னதும் நம்புதிய."

அம்மா கையை நீட்டினார்.

"அடுக்களச் சாவிய எடு."